அப்பாவுக்கு வந்த வட்ட முகம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய், ஊரார் பெற்றவர்களையெல்லாம் பத்திரமாகத் தூங்கவைத்துப் பத்திரமாக எழுப்புகிற மயக்க டாக்டருக்கு என்ன குறைச்சல். நாங்கள் சௌக்கியமா என்பதை நீயே படித்து முடிவுசெய்துகொள்.

அப்பாவின் குடலிறக்க ஆபரேஷன் நேற்று முடிந்தது. மனிதர் நன்றாக இருக்கிறார், பக்கத்துக் கட்டில்காரரிடம் ஆஸ்பத்திரிக் காப்பியைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதனால் பதறாமல் மேலே படி. சர்ஜனுக்கு லீவு, அதனால்தான் தள்ளிப்போனது என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன சொல்ல. உன் அப்பா முழங்கால் வலிக்கு மருந்துக்கடைக்காரர் கொடுத்த ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார். வலி ஓடியே போனது, பசி பிய்த்துக்கொண்டு வந்தது, முகம் உருண்டு பளபளவென்று ஆனது. பார்த்தவர்களெல்லாம் ரிட்டயர் ஆனதும் மனிதருக்கு என்ன களை என்றார்கள், நான் என் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், உடம்பு சுத்தமாகப் போக வேண்டும் என்று அந்த மாத்திரையைத் தானாகவே நிறுத்தினார், விருந்தாளி வருமுன் வீடு கூட்டுகிற மாதிரி. அப்புறம் எழுந்தால் தலைசுற்றல், சாப்பிட்டால் வாந்தி. பயம்தான் காரணம் என்று நானும் உன் சித்தப்பாவும் கேலி செய்தோம்.

ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர் ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள். தனக்கு ஒரு நோயும் இல்லை, ஒரு மருந்தும் இல்லை என்று அவளிடம் மார்தட்டினார், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர், அதுவும் பூசணிக்காயைக் கழுத்துக்கு மேலேயே வைத்துக்கொண்டு. அவள் முகத்தைப் பார்த்தாள், கையில் இருந்த ஊதா நிறத் திட்டுகளைப் பார்த்தாள், பிரஷரைப் பார்த்தாள், என்னைத் தனியே கூப்பிட்டாள். நான் மாத்திரையைப் பற்றிச் சொன்னதும் ஆபரேஷனை நிறுத்திவிட்டாள். அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டாம், முகம் உருண்டதும் கையில் திட்டு வந்ததும் அதன் வேலைதானாம். சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறதாம், ஆபத்து சமயத்தில் உடம்பைத் தாங்குகிற ஹார்மோனை அதுதான் சுரக்குமாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு மாத்திரை வந்துகொண்டே இருந்ததால் அது வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி வேலையை மறந்து படுத்துவிட்டதாம். மாத்திரையும் நின்று, சுரப்பியும் எழுந்திருக்காமல் மயக்கம் கொடுத்திருந்தால் பிரஷர் விழுந்து திரும்பியிருக்கவே மாட்டார் என்றாள். இதையெல்லாம் உனக்கே சொல்கிறேன் பார், மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தருகிறேன். மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, உடம்பு தேறியதும் கூடவே அந்த ஹார்மோனை ஊசியிலும் ஏற்றித்தான் நேற்று மயக்கம் கொடுத்தாள்.

அவள் என்னிடம், "இந்த முகத்தை வீட்ல யாருமே கவனிக்கலையாம்மா?" என்று கேட்டாள். ஞாயிறு தவறாமல் போனில் இந்த முகத்தைப் பார்த்து, அப்பா சூப்பரா இருக்கீங்க, பத்து வயசு குறைஞ்சிடுச்சு என்று சொல்கிற ஒரு பிள்ளை நினைவுக்கு வந்தான். பிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் கேட்டாள். ஒரு மகன், தூரத்தில் வேலை என்றேன். என்ன வேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை கண்ணா.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், இருக்கிறது. பயந்துபோனேன், அதுதான் கோபமாக வருகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கவைக்கிறவனும் கொஞ்சம் தூங்கு. நின்று நின்று வலிக்கிறது என்பாயே, அந்த முழங்காலுக்கு என்ன விழுங்குகிறாய் என்றும் எழுது, நீ அவர் பிள்ளைதானே. நல்லபடியாக, நீண்ட ஆயுளோடு இரு.

ஒன்றை மறக்காதே. இனி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்களாம், முகமும் மெதுவாக வற்றுமாம். ஞாயிற்றுக்கிழமை போனில் பார்த்துவிட்டு அப்பா இளைத்துப்போய்விட்டார் என்று பதறாதே. அதுதான் உன் அப்பாவின் முகம்.

ஆசிகளுடன்,
அம்மா