இறுகும் இடம் பார்த்துத் தொய்வு விட்டவருக்கு

அன்பு மாறாத சம்பந்தி அண்ணனுக்கு,

வேலந்தாவளத்திலிருந்து உங்கள் தங்கச்சி எழுதுகிறேன். உங்கள் புல்லட் மறுபடி ஓடுகிறது அண்ணா. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் கண்மூடிப் போனதிலிருந்து அது ஏலக்காய்க் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. மாப்பிள்ளை அந்தப் பக்கமே போவதில்லை என்று என் மகள் சொன்னாள். கொச்சியிலிருந்து ஒருவர் வந்து விலைக்குக் கேட்டதும் "கொண்டு போங்க" என்றுவிட்டாராம். நம் பேத்தி சிந்துதான் குறுக்கே நின்றிருக்கிறாள். "பிரைமரி செயினை மாத்தி ஓட்டிக் காட்டுறேன் அப்பா. ஓடலைன்னா குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு எனக்குப் போன் போட்டாள். கொச்சிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு ஓடுகிற, மூடிக்குள் ஒளிந்திருக்கிற சங்கிலி. கடை வைத்திருந்த நானே அதை உங்களால்தானே அறிந்தேன்? நம் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சே இல்லாத காலம் அது. சந்தையில் மாடு பார்க்க மச்சினரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் அந்தச் செயின் அறுந்து வண்டி நின்றுபோனது. பழைய செயினின் நீளத்துக்குப் புதுசை அளந்து, இரண்டு முனையையும் இணைக்கிற லாக்கும் சேர்த்து நீட்டினேன்.

"நீளம் செரியாத்தானுங்க இருக்குது?"

"ஏ தங்கச்சி, தேஞ்ச செயினு நீண்டுல்ல போயிருக்கும்? அத நம்பி அளக்கலாமா? கண்ணிய எண்ணு. பெறகு, உள்ள ஓடுற செயினுக்கு லாக்கே ஆகாது. கழண்டுச்சுன்னா மூடியக் கிழிச்சு வெளிய வந்து ஒனக்கு வணக்கம் போடும்!"

உங்கள் மச்சினர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "லாக்கு இல்லாத வளையத்தை எப்படீங்க மாட்டுவீங்க? மந்திரம் போட்டா?" என்றேன். நீங்கள் வண்டியருகே உட்கார்ந்தீர்கள். இரண்டு பல்சக்கரங்களையும் செயினுக்குள் வைத்து, அண்டாவை இரண்டு காதையும் பிடித்துத் தூக்குவதுபோல் ஒன்றாகத் தூக்கி மாட்டினீர்கள். பிறகு மெல்லச் சுற்றிச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தீர்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிற்காது, எங்கே அதிகம் விறைக்கிறதோ அங்கே வைத்துத்தான் தொய்வு விடவேண்டும் என்றீர்கள்.

வண்டிக்கு மட்டுமா அப்படிச் செய்தீர்கள்? கல்யாணம் நிச்சயமான பிறகு என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தார். உங்கள் சொந்தக்காரர்கள் உங்கள் ஊரான ஆனைக்கரையில்தான் கல்யாணம், இன்னின்ன சீர் என்று அடுக்கினார்கள். "தங்கச்சி வீட்டுலதான் இப்ப விறைச்சு நிக்கிது. அங்க பாத்துத்தான் நாம விடணும்" என்று சொல்லி எழுந்துவிட்டீர்கள். எங்கள் வீட்டில், அவர் கட்டிலுக்கு எதிரிலேயே தாலி கட்ட வைத்தீர்கள். அவர் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் போனார். நான் நன்றி சொல்ல வாயெடுத்த போதெல்லாம் "காப்பி எங்க தங்கச்சி?" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். இப்போது எப்படி மாற்றுவீர்கள்?

சிந்துவின் போன் வந்ததும் கண்ணி எண்ணி, லாக் இல்லாத செயினாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பஸ் மாறி மாறி கம்பமெட்டு மலை ஏறி உங்கள் வீட்டுக்குப் போனேன். சிந்து இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்கி மாட்டினாள். கிளப்பினாள். எஞ்சின் ஊளையிட்டது. உள்ளேயிருந்து மாப்பிள்ளை, "அழுகுது பாரு. விட்டுரு பாப்பா" என்றார்.

அவள் விடவில்லை. மூடியைக் கழற்றி, மெல்லச் சுற்றினாள். ஓரிடத்தில் கை நின்றது. "அம்மாயி, நான் லூசான எடத்துல வச்சுல்ல டைட் பண்ணியிருக்கேன்! இந்தா, இங்க விறைக்குது" என்றாள். யாரும் சொல்லவில்லை அண்ணா. அவள் விரலே கண்டுபிடித்தது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். என் பேத்தி என்று சொல்லிக்கொள்ள எனக்கும் பாதி உரிமை உண்டுதானே?

அந்த இடத்தில் வைத்துத் தொய்வு விட்டு மூடியை மாட்டினாள். அடுத்த உதைக்குப் பழைய சத்தம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த கொச்சிக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இனி இது தரில்லல்லோ அம்மே" என்று, இனித் தரமாட்டீர்கள் என்பது புரிந்தவராகச் சிரித்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

எல்லாரும் சிரித்தோம். மாப்பிள்ளை மட்டும் கொட்டகைக்குப் பின்னால் நின்றிருந்தார். போய்ப் பார்த்தேன். "சாயங்காலமானா அப்பா வர்ற சத்தம் அத்தை. கேட்டா வாசலைத்தான் பாக்குறேன். அதான் குடுத்துரலாம்னு..." என்றார். வீட்டில் விறைத்து நிற்கும் இடம் எது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சிந்துவிடம் அதைச் சொன்னேன். மறுநாளிலிருந்து அவள் வண்டியைச் சாலை வளைவு வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்பினாள். திரும்பும்போதும் வளைவிலேயே அணைத்து, மேட்டில் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை என்று மகள் சொன்னாள்.

போன வாரம் அவள் தள்ளத் தொடங்கியபோது மாப்பிள்ளை வாசலுக்கு வந்தாராம். "எதுக்கு அவ்வளவு தூரம் தள்ளுற? இங்கயே கெளப்பு பாப்பா" என்றாராம். கிளப்பியதும் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாராம்.

இதற்காகத்தான் இந்தக் கடிதம் அண்ணா. இந்த வண்டிக்கான செயின், கண்ணி எண்ணியது, லாக் இல்லாதது, ஒன்று எப்போதும் என் கடையில் இருக்கும். வீட்டில் யார் எங்கே விறைத்து நின்றாலும், முதலில் அந்த இடத்தைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

காப்பியோடு காத்திருக்கும்
உங்கள் தங்கச்சி,
சிந்துவின் அம்மாயி