ஊறுகாயோடு வந்த காமிக்ஸ்

தினகர்,

ரசம் அடுப்பில் இருக்கிறது. தயிர் இல்லை, வரும் வழியில் சான்ட்ரிங்ஹாமில் இறங்கி இந்தியன் கடையில் வாங்கிவிடு. நான் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன்.

நேற்று போனில் அத்தையிடம், "என் காமிக்ஸக் கிழிச்சு ஊறுகாய் பாட்டில்ல சுத்தி அனுப்பியிருக்கியேம்மா" என்று கத்தினாய். காலையில் அந்தத் தாள்களை நீவி அடுக்கிப் பார்த்தேன். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. பின்னைக் கழற்றித்தான் பிரித்திருக்கிறார். உன் சின்ன வயது குதிரை வீரன் முழுசாக வந்திருக்கிறான்.

ஊரிலிருந்து கொண்டுவந்த சாந்தகுமாரி அக்காவைக் கேட்டேன். "பெட்டில இடமில்ல, ஊறுகாயா புத்தகமா, ஏதாவது ஒண்ணு குடுங்கன்னேன். உங்க அத்தை ரொம்ப நேரம் யோசிச்சாங்க" என்றார்.

பாட்டிலுக்கு எப்படியும் தாள் சுற்ற வேண்டும். அதற்குப் புத்தகத்தையே சுற்றி, இரண்டையும் அனுப்பிவிட்டார்.

தாள்கள் உன் தலையணைமேல் இருக்கின்றன. சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே.

யமுனா

பி.கு: கதை முடிகிற கடைசித் தாள் என் ஹேண்ட்பேக்கில் இருக்கிறது. எலுமிச்சை ஊறுகாய் எண்ணெய் பட்டிருந்தாலும் எழுத்து தெரிகிறது. அத்தைக்குப் போன் பண்ணிப் பேசு, தருகிறேன்.