மொதல்ல மூடணும் சார்

அக்கா,

இன்று காலை தெருவோரம் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். அந்த வாடை உள்ளே வந்ததும் நீங்களும் வந்துவிட்டீர்கள், புடவைத் தலைப்பில் ஈரக்கையைத் துடைத்தபடி. கதவைச் சாத்தினேன். நீங்கள் போகவில்லை.

சிட்லபாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்குப் பம்பு ஓட்டியது நீங்கள். பொதுக் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி, வால்வைத் திறந்து வீடுகளுக்கு விடுவீர்கள். நான் சங்கச் செயலாளர். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு திட்டம் அடித்து வந்து, பெருமையாகப் படித்துக் காட்டினேன். முதல் வரி, மக்களுக்கு அறிவிக்க வேண்டும். அடுத்தது, வால்வை மூட வேண்டும்.

"இன்னா சார், தலகீழா கீது? மொதல்ல மூடணும், அப்பால சொல்லணும். தண்ணி நிக்கப் போவுதுன்னா குடம் தூக்காத வூடு கீதா?"

சிரித்து மழுப்பினேன். சொல்லாமல் நிறுத்தினால் எல்லோரும் என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள் என்று பயம்.

அந்த வருஷ மழையில் ஏரி வழிந்தது. காலையில் போன் செய்தீர்கள். "கெணத்துல சாக்கடை எறங்கிக்கினு கீது சார். இப்ப போவுற தண்ணியும் அதான். மூடிடவா?"

"அரை மணி பொறுங்கக்கா, எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன்.

தெருத்தெருவாகக் கத்தினேன். தண்ணீர் நிற்கப் போகிறது என்பது எல்லோர் காதிலும் விழுந்தது. குடிக்காதீர்கள் என்பது விழவில்லை. குடம், அண்டா, பக்கெட் எல்லாம் நிரம்பின.

வால்வை மூடிய பிறகு முட்டளவுத் தண்ணீரில் இருவரும் வீடு வீடாகப் போனோம். "கொட்டிடும்மா, புள்ளைங்க கீற வூடு" என்று நீங்கள் கெஞ்சினீர்கள். நான் வீடுகளின் பட்டியலில் டிக் போட்டேன். ஒரு வீட்டில், சாக்கடைத் தண்ணீரை விட்டதாக உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நான்தான் தாமதித்தேன் என்று சொல்லாமல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் உங்களுக்கு வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் கண் குழிந்து கிடந்தீர்கள்.

"எல்லா வூட்லயும் கொட்டிட்டாங்களா சார்?"

"எல்லாத்துக்கும் டிக் போட்டாச்சுக்கா."

"அப்ப சரி."

அதன்பின் நீங்கள் பேசவில்லை.

உங்களுக்குக் கடைசியாக உடுத்தப் புடவை எடுக்க, பம்பு ரூமுக்குப் பின்னாலிருந்த உங்கள் அறையைத் திறந்தேன். மூலையில் குடம், அதில் பாதித் தண்ணீர். பக்கத்து வீட்டம்மா கதவோரம் நின்று அழுதாள். "அக்கா பம்பாண்ட நிக்குதேன்னு நாந்தான் சார் அன்னிக்கி நீங்க கத்தினப்ப ரொப்பி வச்சேன்." முந்தின நாள் தண்ணீர் என்று நினைத்துக் குடித்திருப்பீர்கள். அந்தக் குடத்தை நானே கொட்டினேன்.

இப்போதும் யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும், எப்போது பிடித்தது என்று கேட்கிறேன். கிறுக்கு என்கிறாள் என் மனைவி. பட்டியல் என் பீரோவில் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் நேரே டிக் இருக்கிறது. சங்கத்து உறுப்பினர் வீடுகளை மட்டும்தான் எழுதியிருந்தேன்.

உங்கள் வீடு அதில் இல்லை, அக்கா.