மெதுவாகப் போனால் துள்ளிய படுக்கை

அன்புத் தங்கச்சி வசந்தா,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. நான் அதே ஆஸ்பத்திரி வேனைத்தான் ஓட்டுகிறேன். மெக்கானிக்கல் வகுப்பில் நீ ஒருத்திதான் பெண் என்று ஊரெல்லாம் நான் தம்பட்டம் அடித்ததற்கு எத்தனை முறை திட்டியிருப்பாய்? இன்றும் அடிக்கிறேன். திட்டத்தான் ஆளில்லை.

எழுபத்தெட்டில் நீ படிப்பை முடித்து வந்ததும், எலும்பு முறிந்தவர்கள் வேனில் படும் பாட்டைச் சொன்னேன். படுக்கைக்கு அடியில் ஸ்பிரிங் வைத்துக் கொடுத்தாய். நோயாளி பாவமே என்று நானும் மெதுவாக உருட்டினேன். படுக்கை முன்னைவிட மோசமாகத் துள்ளியது. "நான் எறங்கி நொண்டிக்கினே வரேம்பா" என்றார் கால் உடைந்தவர். டாக்டர் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

நீ கழற்றவில்லை. நீயே ஏறிப் படுத்துக்கொண்டாய்.

"அண்ணா, கொஞ்சம் வேகமா போ."

"பைத்தியமா உனக்கு?"

"போயேன், சொல்றேன்."

செங்கம் ரோட்டில் வேகத்தைக் கூட்டினேன். படுக்கை அடங்கிவிட்டது.

வண்டியை நிறுத்தியதும் விளக்கினாய். படுக்கையை ஆட்டுவது அதைத் தாங்கும் வண்டியேதான். படுத்திருக்கும் ஆளின் எடையோடு சேர்ந்து ஸ்பிரிங்குக்கு என்று ஒரு ஆட்ட வேகம் இருக்கிறது. ரோட்டுப் பள்ளங்கள் அதே வேகத்தில் தட்டினால் ஆட்டம் ஏறும். அதைவிட நன்றாக வேகமாகத் தட்டினால் மேலே அவ்வளவாக எட்டாது. நான் இரக்கப்பட்டு உருட்டியது சரியாக அந்த ஆகாத வேகத்தில்.

"எப்பவும் வேகமாவே போவ முடியுமா?" என்றேன். அதற்காக ஸ்கூட்டர் ஷாக் அப்சார்பர் நான்கு மாட்டினாய். துள்ளல் நின்றது. ஆனால் வேகமாகப் போகும்போது ஒவ்வொரு கல்லும் முதுகில் இடித்தது. "ஜாஸ்தியாப் போச்சுண்ணா" என்று இரண்டைக் கழற்றினாய். அப்புறம் டாக்டர் வாயைத் திறக்கவே இல்லை.

போன மாதம் வேங்கிக்கால் ரஹமத்பீ அம்மா மாடியிலிருந்து விழுந்துவிட்டார். முதுகெலும்பில் முறிவு; வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். "குலுங்கிச்சுன்னா ரெண்டு காலும் போயிடும், பாத்துப் போ" என்றார் டாக்டர். பள்ளத்தைக் கண்டதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு, உன் கணக்கை நம்பி வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினேன். வேலூரில் கதவைத் திறந்தால் அந்த அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறார். வண்டியில் சாய்ந்து நின்று அழுதேன். பெருமையில்தான், வேறெதற்கும் இல்லை.

நேற்று ஊருக்குத் திரும்பக் கூட்டிவந்தேன். முதுகுக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு, மகள் தோளைப் பிடித்தபடி, சொந்தக் காலில் வீட்டுக்குள் நடந்தார்.

"இந்தப் படுக்கைய யாருப்பா செஞ்சது?"

"என் தங்கச்சிம்மா. இன்ஜினியர்."

"எங்க வேல பாக்குது?"

என்ன சொல்வேன், வசந்தா? "இந்த வண்டிலதாம்மா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது வேன் வாங்குகிறார்கள். அதிலும் உன் படுக்கைதான். புது டிரைவர் யார் வந்தாலும் முதலில் அதில் படுக்கவைத்து, செங்கம்வரை நான் ஓட்டிக் காட்டுவேன். இது சத்தியம். அதற்கு முன்னால் சாவி என் கையைவிட்டுப் போகாது.

உன் பெருமைக்கார அண்ணன்