பிறந்த ஊருக்கு எதிராக ஒரு கூச்சல்

ஆவணி, சனி இரவு.

இன்று உதைபந்தாட்ட இறுதிப்போட்டி. பணி ஓய்வுக்குப் பின் நான் குடிவந்த மீனவக் கிராமமான கீரியின் அணிக்கு எதிராக, யாழ்ப்பாணத்தில் நான் பிறந்த ஊரின் அணி. இரு பக்கத்துக்கும் கைதட்டினேன். ஆசிரியர் பழக்கம், சரியான விடை யார் சொன்னாலும் புள்ளி உண்டல்லவா?

பக்கத்து வீட்டுச் சவிரி முறைத்தார். "மாஸ்டர், இந்த மட்ச்சுக்காக இண்டைக்கு ஒரு வள்ளமும் கடலுக்குப் போகேல்லை. நீங்கள் அவங்களுக்குக் கைதட்டுறியள்!"

ஆட்டம் சமநிலையில் முடிந்து தண்ட உதைக்குப் போனது. கடைசி உதையைத் தடுத்தால் கிண்ணம் கீரிக்கு. உதைக்க வந்தவன் என் ஊர்க்காரன். அவன் தவறவேண்டும் என்று செபித்தேன். எங்கள் கோல் காப்பாளர் பாய்ந்து பிடித்தார். கதிரையில் ஏறிக் கத்தினேன்.

"இறங்குங்கோ மாஸ்டர், விழுந்தால் நாங்கள்தான் தூக்கவேணும்!" என்று சவிரி சிரித்தார்.

தொண்டை கட்டிவிட்டது. நாளைத் தேவாலயப் பூசையில் பாட முடியாது. பாடகர் குழுவில் பாதிப் பேருக்கும் இதே நிலைதான்.