பதிமூன்று தூக்குவாளிகள்

2004 ஜூலை 6, செவ்வாய்
ஏலத்தோட்டத்துக்குப் பதிமூன்று பெண்களைக் கூட்டிப்போய்த் திரும்பினேன். நல்ல மழை. காலையில் உலையை வைத்துவிட்டு ஜீப்புக்கார நவாஸுக்குப் போன் பேசப் போனேன். வருவதற்குள் சோறு குழைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் திருப்பூர் போய் மூன்று மாதம். ஒரு தகவலும் இல்லை. எதைத் தொட்டாலும் மனசு வேறெங்கோ கிடக்கிறது.

ஜூலை 8
என்ன காரியம் செய்துவிட்டேன்! சங்கிலியம்மாள் அக்காவைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் முதலில் இறங்கி வருகிறவள் எல்லோருடைய தூக்குவாளியையும் ஜீப்பில் ஏற்றிவிடுவாள். நான் வாளியைத்தான் எண்ணுவேன். இத்தனை வருசமும் அப்படித்தான். இன்றும் பதிமூன்று இருந்தது. எண்ணும்போதே நாளைக்கு எத்தனை ஆள் என்று கணக்குப்பிள்ளையிடம் பேச்சு. கண் வாளியில், வாய் அவரிடம், மனசு திருப்பூரில்.

கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில், கூட வந்த பாஜிலாதான் கேட்டாள்: "அக்கா எங்கன?" திரும்பிப் போனோம். ஒரே பனிமூட்டம். யானை நடமாடுகிற இடம் வேறு. பூட்டிய ஏலக்காய் ஸ்டோர் வாசலில் அக்கா நனைந்துபோய் நின்றார். காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம். வாளியைக் கொடுத்தனுப்பிவிட்டு ஒதுங்கப் போயிருக்கிறார்.

வீடு வரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. வைதிருந்தால்கூடத் தேவலை.

ஜூலை 9
அக்கா வேலைக்கு வரவில்லை.

ஜூலை 11, ஞாயிறு
வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. "நான் உனக்கு ஒரு வாளியா பாண்டி?" என்று கேட்டார். இனி வேறு ஜீப்பில் போகிறாராம். பத்து வருசமா என்கூட வந்தவுக.

ஜூலை 12
விடியற்காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் சும்மா உட்கார்ந்தேன். இன்றைக்குச் செய்யவேண்டியதில் மூன்றை மட்டும் எழுதினேன். ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடக்கூடாது.

சாயங்காலம் ஆள் ஏறி முடிகிறவரை கணக்குப்பிள்ளையோடு பேச்சில்லை. ஒவ்வொருத்தியாகப் பேர் கூப்பிட்டு, குரல் கேட்ட பிறகே அடுத்த பேர். இதென்ன பள்ளிக்கூடமா என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஜூலை 15
காலையில் உட்காரவில்லை. திருப்பூரிலிருந்து வந்த ஒருவர் என் வீட்டுக்காரரைப் பார்க்கவே இல்லை என்றார். அதையே நினைத்துக்கொண்டு ரெஹானாவின் பேரை இரண்டு தடவை கூப்பிட்டேன், இன்னொருத்தியை விட்டுவிட்டேன். முதலிலிருந்து மறுபடி கூப்பிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 21
பன்னிரண்டு பேர்தான் வருகிறார்கள். ஆனாலும் தினமும் அக்கா பேரையும் கூப்பிடுகிறேன். பதில் வராத இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். வராத ஆளை எதுக்குக் கூப்பிடுறே என்று நவாஸ் கேட்டார். விட மனசு வரல.

ஜூலை 28
காலையில் ஜீப் ஏற வந்தால் முன் சீட்டில் அக்கா. தினமும் அவர் பேரையும் கூப்பிடுவதை பாஜிலா சொல்லியிருப்பாள் போல.

சாயங்காலம் பேர் கூப்பிட்டேன். சங்கிலியம்மாள் என்றதும், "இருக்கேன்" என்றார். பதிமூன்று குரலும் வந்துவிட்டது. போகலாம் என்று நவாஸுக்குக் கை காட்டினேன்.

அக்கா தடுத்தார். "நில்லுப்பா, இன்னும் ஒரு ஆள் இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "பாண்டியம்மா?" என்றார்.

ஆள் எண்ணும்போது என் பேரை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

"இருக்கேன்க்கா."

அதற்குப் பிறகுதான் வண்டியை எடுக்கச் சொன்னார்.