ஆயிரம் மீட்டரில் வழிவிட்டவன்

அஸ்தானா, ஜனவரி 14

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று ஆயிரம் மீட்டர் ஸ்கேட்டிங்கில் தடம் மாறும்போது, வெளித்தடத்திலிருந்து வந்தவனுக்கு விதிப்படி வழிவிடாமல் என் மாணவன் எர்லான் மோதிவிட்டான். தட ஓரத்தில் நின்ற என்மேல் இருவரும் விழுந்ததில் எனக்கு மணிக்கட்டில் லேசான வீக்கம், அவ்வளவுதான்.

"வழி விட்டா தோத்துருவேனே கோச்!" என்றான்.

"நான் விட்டேன்டா. தோத்தேன்."

ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் அன்று எனக்கு வெளித்தடத்தில் வந்தவன் நம் யெல்மர். அவன் ஒலிம்பிக் போனான், நான் வீடு வந்தேன். "அண்ணனுக்குத்தானே விட்டே, என்ன குறைஞ்சுபோச்சு?" என்றீர்கள். விதிக்குத்தான் விட்டேன் அம்மா. இருபத்தாறு வருடமாக யாரும் நம்பவில்லை.

கம்பளிக் காலுறையும் நம் ஊர் உப்பு மிட்டாயும் அனுப்புங்கள். பிளேடு தீட்டும் என் பழைய கல் யெல்மரிடம் இருக்கிறது. அதையும் வாங்கி அனுப்புங்கள், ஆனால் வாங்கும்போது எனக்கென்று சொல்லாதீர்கள். அவனாகக் கேட்டால் சொல்லுங்கள்.

பேருந்து வந்துவிட்டது.

டௌவே